மரகதத்தின் மச்சம்

12 ஆகஸ்ட் 1958, செவ்வாய் இரவு

யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் சத்தியம் செய்துவிட்டு எழுதுகிறேன். என் மனைவி மரகதத்தை ஊரிலிருந்து அழைத்துவர நான் போட்ட மனுவுக்காக இன்று குடிநுழைவு அலுவலகமே எழுந்து நின்றது. வரிசையின் வால் பாலம் தாண்டி, எதிர்க்கரை ஜொகூரில் கிடந்தது.

அதிகாரி நம்மவர். "கல்யாணப் பதிவு இல்லையேண்ணே. ஆனா, உங்க பக்கத்தைக் கேட்காம மனுவைத் தள்ளக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. இவங்க உங்க மனைவிதான்னு என்ன அடையாளம்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சட்டமே காது கொடுத்துக் கேட்டால் விடுவேனா? கல்யாணத்துக்கு நாற்பது யானைகள் வந்ததையும், பந்தியில் ரசம் ஆறாக ஓடி இரண்டு சம்பந்திகளை அடித்துக்கொண்டு போனதையும் சொன்னேன். பாவம், அத்தனையும் எழுதினார்.

"யானை இருக்கட்டும்ணே. கன்னத்துல மச்சம்னு மனுவுல போட்டிருக்கீங்களே, எந்தக் கன்னம்?"

அவள் முகம் பார்த்து எட்டு வருஷமாயிற்று.

"நெனப்பில்ல சார். நேர்ல பாத்தாச் சொல்லிடுவேன்."

அதையும் எழுதினார். "அப்ப நேர்லயே பாத்துச் சொல்லுங்க" என்று அனுமதி முத்திரையை ஓங்கிக் குத்தினார். கட்டடமே அதிர்ந்தது.

அந்த முத்திரையும் யானைகளோடு சேர்த்திதான். முடிவு தபாலில் வருமாம்.

மச்சம் மறந்துபோனது மட்டும் நிஜம்.