மல்லிகாவின் காரும் நாலரை சதவீதப் புகையும்

1973 அக்டோபர் 15, திங்கள்

இன்று ஜெர்மனி தேசம் என்மீது போர் தொடுத்தது. ஆயுதம், ஒரு ரப்பர் குழாய்.

அந்தக் குழாயை மல்லிகாவின் காரின் புகைபோக்கிக்குள் சொருகினான் வாகனப் பரிசோதனை நிலையத்து அதிகாரி ப்ரன்னர். மறுமுனையில் ஒரு பெட்டி. பெட்டியின் முள் நடுங்கியது, யோசித்தது, ஆறில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. புகையில் விஷவாயு நாலரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதாம். 'நைன்' என்றான், அவர்கள் பாஷையில் 'இல்லை'. அவ்வளவுதான். ஒற்றைச் சொல்லில் ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்துவிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டான்.

சாம்ராஜ்யம் என்று சும்மா சொல்லவில்லை. மல்லிகா என் அக்கா மகள். ஐந்து வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவள் வலது காலை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்ததை வைத்து அவள் மியூனிக் வரை வந்து ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். ஜனவரியில் ஊருக்கு வெளியே கார்ஹிங்கில் ஆராய்ச்சி வேலை, நான் பட்டறையில் வேலை பார்க்கும் அதே வளாகத்தில். சோதனைகள் கண்ட கண்ட நேரத்தில் நடக்கும், அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. 'எப்படி வருவாய்?' என்று பேராசிரியர் கேட்டாராம். 'என் காரில்' என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்போது அவளிடம் கார் இல்லை. வர முடியாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவன் காத்திருக்கிறான்.

நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "தினம் உங்க கையைப் பிடிச்சுட்டுப் போய் இறங்கறதுக்கா மாமா நான் இவ்வளவு படிச்சேன்?" என்றாள். திமிர். எங்கள் குடும்பத் திமிர், கலப்படமில்லாதது.

ஆகவே அவள் ஒரு பழைய கார் வாங்கினாள். நான் அதை ரதமாக்கினேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். வலது காலுக்கு வேலையே இல்லை. யானை தும்பிக்கையால் இழுத்தாலும் அந்தக் கைப்பிடி வராது, யானைதான் வரும். ப்ரன்னரே அதை இருபது தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். எல்லாம் சரி, புகை மட்டும் சரியில்லை.

"கை வைத்து ஓட்டும் காருக்குச் சலுகை கிடையாதா?" என்று கேட்டேன்.

"புகைக்குக் கை கால் தெரியாது" என்றான்.

தத்துவம் வேறு!

அக்டோபர் 16

கோபத்தில் சாப்பிடவில்லை. பிறகு கோபத்தில் நிறையச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, சனி

கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்று அது சொல்லும். இந்த ரகத்தில் உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும்; பெட்ரோல் குறைந்தால் அந்த விஷவாயுவும் குறையும். இன்று முற்றத்தில் காரை நிறுத்தி அரைச் சுற்று உள்ளே திருப்பினேன்.

மாடியிலிருந்து கோபாலன் இறங்கி வந்தான். பிளாஸ்மா பௌதிகம், சூரியனைக் குழாய்க்குள் அடைக்கப் போகிறவன். பக்கத்துத் தெருவிலிருந்து குருமூர்த்தியும் வந்தான். கணிதம், எதை அடைக்கப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. இருவரும் என்ஜினுக்கு மேல் குனிந்து, பிரசவ அறையில் நிற்கும் மாமியார்களைப்போல ஆளுக்கொன்று சொன்னார்கள்.

மல்லிகாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். "நான் பார்க்கட்டுமா மாமா?"

"குளிர்ல எதுக்கு நிக்கறே? போய் எல்லாருக்கும் காபி போடு. இது எங்க டிப்பார்ட்மென்ட்."

போனாள். காபி கசப்பாக இருந்தது.

அக்டோபர் 23, செவ்வாய்

ஏழு!

குறைத்தேன், கூடியிருக்கிறது. இயற்கை விதிகள் இந்த நாட்டு எல்லையில் நின்றுவிடுகின்றனவா? ப்ரன்னரின் பெட்டி பொய் சொல்கிறது. இல்லை, பெட்டிக்கு என் முகம் பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் வந்த ஒரு லாரி, அடுப்பங்கரைபோலப் புகைந்தது, அதற்கு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினான். டீசலுக்கு வேறு சோதனையாம். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான்.

"இது யாருக்கான கார்?" என்று கேட்டான்.

"என் அக்கா மகளுக்கு."

"அவர் ஏன் வருவதில்லை? கைப்பிடியைப் பிடித்து ஓட்டப்போகிறவர் அவர்தானே?"

அவளை எதற்கு இந்தக் குளிரில் அலைக்கழிப்பது, நான் இருக்கும்போது, என்றேன். உதட்டைப் பிதுக்கினான். அந்த உதட்டுக்கே தனியாக அபராதம் போடவேண்டும்.

அக்டோபர் 24

கோபாலன் சத்தியம் செய்கிறான், இது சதி என்று. "மாமா, நம்ம கார்னா முள்ளு தானா ஏறுது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்." குருமூர்த்தி, இரண்டு சோதனையை வைத்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட முடியாது என்கிறான். இவர்கள் சண்டை ஒரு மணி நேரம். நடுவில் கோபாலன் மனைவி வத்சலா, "கண்ணு பட்டிருக்கும் மாமா, எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க" என்றாள்.

சுற்றிப் போட்டேன். யாரிடமும் சொல்லவேண்டாம். பௌதிக நிபுணரின் மனைவி சொன்னால் அதில் ஏதாவது பௌதிகம் இருக்கும்.

நவம்பர் 6, செவ்வாய்

எட்டுக்குப் பக்கம். எழுதவே கை கூசுகிறது.

போவதற்கு முன் மறுபடி அரைச் சுற்று உள்ளே திருப்பியிருந்தேன். என் கையால், என் கண்ணால் பார்த்து. எப்படி ஏறும்? எப்படி?

தமிழில் திட்டினேன். நல்ல, சத்தான, நாலு தலைமுறைக்குப் போதுமான வசவு. ப்ரன்னர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'இந்த வருட முடிவுக்குள் வராவிட்டால் மாற்றியமைத்த கைப்பிடிக்கான சோதனையையும் முதலிலிருந்து செய்யவேண்டும். அடுத்த தடவை ஓட்டப்போகிறவரே வரட்டும்' என்றான். ஒரு வசவுகூட அவனுக்குப் புரியவில்லை. இவ்வளவு பெரிய வித்தை இப்படியா வீணாகவேண்டும்?

பேராசிரியருக்கு டிசம்பர் நடுவில் உறுதி சொல்லவேண்டுமாம். வீட்டில் மல்லிகா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள், செய்தி வாசிப்பவள்போல. "நான் இருக்கேன்ல" என்றேன்.

"இருக்கீங்க மாமா" என்றாள்.

அதில் என்னவோ சரியில்லை. படுத்தபின்னும் காதில் நிற்கிறது.

நவம்பர் 25, ஞாயிறு

பெட்ரோல் தட்டுப்பாடாம். இன்று நாடு முழுவதும் யாரும் காரை எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது. என் காரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் ஆறு வாரமாகவே முன்னோடி.

நெடுஞ்சாலையில் ஜனங்கள் குழந்தைகளோடு நடந்துபோவதைப் பார்த்துவிட்டு வரலாமென்று மல்லிகாவைக் கூப்பிடப் போனேன். அவள் முற்றத்தில் இருந்தாள். என்ஜின் மூடி திறந்திருந்தது. கோபாலனும் குருமூர்த்தியும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை மல்லிகா அந்தத் திருகின் தலையிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள். இன்று பார்த்தால் கோடு ஒடிந்து இரண்டாக நிற்கிறது. தலையில் ஒரு பாதி, உடம்பில் ஒரு பாதி.

"யார் தொட்டது?" என்றாள். என்னைப் பார்த்துத்தான்.

"சத்தியமா நான் இல்லை!" உண்மைதான், இந்த வாரம் நான் இல்லை.

குருமூர்த்தி தொண்டையைக் கனைத்தான். "சும்மா... அரைச் சுற்றுதான். வெளியே. மெட்ராஸ்ல என் மோட்டார் சைக்கிள்ல வெளியே திருப்பினா பெட்ரோல் குறையும். மாமா பாவம் கஷ்டப்படறாரேன்னு..."

"எத்தனை தடவை?"

"இதோட மூணு."

"அடப்பாவி, நீயுமா திருப்பினே?" என்றான் கோபாலன். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மோட்டார் சைக்கிளில் அந்தத் திருகு காற்றுக்கு. இந்தக் காரில் பெட்ரோலுக்கு. நான் அரைச் சுற்று உள்ளே, இவர்கள் ஆளுக்கு அரைச் சுற்று வெளியே. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால்! இரண்டு தடியன்களும் அன்பின் மிகுதியால் என் காரைப் பெட்ரோல் குடிக்கவைத்துக் கொன்றிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் மியூனிக்கின் பனி முழுக்க உருகியிருக்கவேண்டும். "மடப்பயல்களா, சூரியனைக் குழாயில அடைக்கப் போறவனுக்கு ஒரு ஸ்க்ரூ எந்தப் பக்கம்னு தெரியாதா? யாரைக் கேட்டுத் தொட்டீங்க?" என்று கத்தினேன். மாடிச் சன்னலில் வத்சலா சிரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு டாக்டரேட், ஒரு பட்டறை மகாராஜா, ஒரே ஒரு ஸ்க்ரூ!"

"மாமா, நீங்க யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

மல்லிகா. சத்தமே போடவில்லை.

"நானா? நான்... உனக்காகத்தானேம்மா."

"எல்லாரும் எனக்காகத்தான். என் காரை நீங்க தொடறீங்க, கோபாலன் தொடறார், குருமூர்த்தி தொடறார். நான் பார்க்க வந்தா காபி போடச் சொல்றீங்க. நான் எதுல பட்டம் வாங்கினேன்னு தெரியுமா?"

"ரசாயனம்."

"ரசாயனத்துல?"

பதில் எனக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட எனக்குத் தெரியவில்லை.

"வாயுக்களைப் பிரிச்சு அளக்கறது மாமா. நாலு வருஷமா அதைத்தான் பண்றேன். புகையில என்ன இருக்குன்னு இந்த முற்றத்துல எல்லாரும் எல்லாரையும் கேட்டாச்சு. என்கிட்ட மட்டும் யாரும் கேக்கலை."

கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். கை இன்னும் நீண்டபடியே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்தேன்.

நவம்பர் 26

என் ஸ்க்ரூ டிரைவர்! மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது!

யாரிடம் பேசுகிறாள் இவள்? இந்தக் கைப்பிடியைச் செய்தது யார்? வேலை முடிந்த மிச்ச நேரமெல்லாம் பட்டறையில் நின்று, இரும்பை அறுத்து, கையைச் சுட்டுக்கொண்டு... சரி, சொல்லிக்காட்டக் கூடாது. சொல்லிக்காட்டவில்லை. எழுதிக்காட்டுகிறேன், அது வேறு.

நவம்பர் 30

புகை அளக்கும் கருவி உள்ள ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு மல்லிகா தனியாகப் போய், முள்ளைப் பார்த்துப் பார்த்துத் தானே திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டு வந்தாளாம். வத்சலா சொல்லித்தான் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரவு ரசம் மட்டும் நன்றாக வைத்திருந்தேன். இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள்.

டிசம்பர் 4, செவ்வாய்

"இன்னிக்கு நான் போறேன் மாமா. நீங்க வரவேண்டாம்."

வரவில்லை. அவளோடு வரவில்லை. டிராமில் போனேன். அது வேறு.

பரிசோதனை நிலையத்துக்கு எதிரே ஒரு சிகரெட் விளம்பரப் பலகை இருக்கிறது. அதற்குப் பின்னால் நின்றேன். காலடியில் பனிச்சேறு, மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ப்ரன்னர் கைப்பிடியைக் காட்டி ஏதோ கேட்டான். அவள் உள்ளே இருந்தபடியே தள்ளிக் காட்டினாள், இழுத்துக் காட்டினாள், முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி அவன் கால் விரலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் ஒருநாளும் அப்படி நிறுத்தியதில்லை. பிறகு குழாய். பிறகு பெட்டி.

ப்ரன்னர் சிரித்தான். அவளும் சிரித்தாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? மூன்று தடவை என்னை ரத்தம் கக்கவைத்த இடத்தில் இவர்களுக்குச் சிரிப்பா? வயிறு எரிந்தது. எரிந்தாலும் அவன் நம்பர் பலகைக்கு முன் குனிந்து ஸ்டிக்கரை ஒட்டும்போது நானும் இங்கே குனிந்தேன், நன்றாக ஒட்டுகிறானா என்று பார்க்க.

காரை வெளியே எடுத்தவள் பலகைக்கு நேரே வந்து நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ஷூ தெரியுது மாமா."

"சிகரெட் வாங்க வந்தேன்."

"நீங்கதான் சிகரெட் பிடிக்க மாட்டீங்களே."

"இனிமே பிடிக்கப்போறேன். அவ்வளவு கோபம்."

"ஏறுங்க. எதையும் தொடக் கூடாது."

வழியில் எவ்வளவு வந்தது என்று கேட்டேன். மூன்றுக்குக் கீழே என்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பெண் பார்க்கவந்த மாப்பிள்ளைபோல.

1974 ஜனவரி 9, புதன்

இப்போது கோபாலனும் நானும் வேலைக்குப் போவது அவள் காரில்தான். ஹாரன் அடித்தால் உடனே இறங்கி வரவேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இன்று கழுத்தில் சுற்றும் மஃப்ளரைத் தேடினேன். சன்னலுக்கு வந்தபோது கார் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. தாய்மாமனை! பெற்ற தகப்பனுக்குச் சமமானவனை, ஒரு மஃப்ளர் தேடும் நேரம் பொறுக்காமல்!

பஸ் நிறுத்தத்தில் கோபாலன் நின்றிருந்தான். "உங்களையும் விட்டுட்டுப் போயிட்டாளா மாமா?"

"என்னை விட்டுட்டுப் போக எவளுக்குத் தைரியம்? சோதனைக்கு நேரமாச்சுன்னு நான்தான் முன்னாடி அனுப்பினேன்."

கார்ஹிங்கில் இறங்கி நடந்தேன். அவள் கட்டிடத்துக்கு முன்னால் கார் நின்றது. அதன் கூரையில் அதற்குள் ஒரு விரற்கடைப் பனி விழுந்திருந்தது. தட்டிவிடலாம் என்று கை போனது.

தொடவில்லை.