உமரிச் செடி மட்டும்

மார்ச் 3, திங்கள்
பனி. காத்து இல்ல. செடி ஆடாது, அதனால விடிஞ்சதும் ஏரிக்கரை. ஸ்டுடியோ கேமரா, மேக்ரோ லென்ஸ், வெயில் மறைக்கப் பழைய குடை.

புது வேலை. மெட்ராஸ்காரர், பேரு முரளி. நான் வேலை பாக்குற பொன்னேரி ஸ்டுடியோவுக்கே வந்து கேட்டாரு. உப்புத்தண்ணிக் கரையோரம் வளர்ற உமரிச் செடிய ரொம்பக் கிட்ட வெச்சு எடுக்கணும். புத்தகத்துக்காம். செடி மட்டும்தான் வேணும். வலை, படகு, ஆளு, காலடி எதுவும் கூடாது.

கல்யாணத்துல மூஞ்சிங்களையே எடுத்து அலுத்துப்போச்சு. இது புடிச்சிருக்கு. சேத்துல குப்புறப் படுத்துப் பாத்தா, குண்டு குண்டா இலை, உள்ள தண்ணி, நுனி மட்டும் செவப்பு. பின்னாடி கருஞ்சேறு இருந்தா செவப்பு தூக்கிக் குடுக்குது.

ஆனா காலடி ஏன் கூடாது?

மார்ச் 4, செவ்வாய்
லேசா மேகம். நல்ல வெளிச்சம். ஒரு படம் பிரமாதம். முன்னாடி உமரிக் கிளை, பின்னாடி மங்கலா ஒரு நீலம். அது தேவகி அக்கா புடவை. என் கூடப் பொறந்தவ, அந்தத் தண்ணியிலதான் கையால எறால் தடவிப் புடிக்கிறா. அனுப்புனதும் முரளி சார் உடனே மெசேஜ்: "ஆள் தெரியுது. வேணாம்."

ஒரு கறை மாதிரி நீலம். அத ஆளுனு எப்படிக் கண்டுபுடிச்சாரு? தேடிப் பாக்குறவருக்குத்தான் தெரியும்.

ஆளில்லாத படங்க நேத்தே அனுப்பியாச்சு.

மார்ச் 5, புதன்
படம் எடுக்க சேத்துல படுத்திருந்தேன். செடிக்கு அந்தப் பக்கம் பேச்சு. முரளி சார், கூட ரெண்டு பேர், கைல அளக்குற டேப். என்னப் பாக்கல. ஒருத்தர் இங்க யாராவது பொழப்பு நடத்துறாங்களானு கேட்டாரு.

முரளி சார் சொன்னாரு: "அதான் படம் பாத்தீங்களே சார். வெறும் செடிதான்."

இங்க ரிசார்ட்டு, சுத்தி வேலினு ஏதேதோ பேச்சு. அவங்க போற வரைக்கும் அப்படியே கெடந்தேன். முழங்கை ரெண்டும் சேத்துல மரத்துப் போச்சு.

அக்கா கிட்ட சொன்னேன். திட்டல. எத்தினி படம் அனுப்புனனு மட்டும் கேட்டா. திட்டியிருக்கலாம்.

மார்ச் 6, வியாழன்
அதே மூணு பேர் மறுபடியும். நான் நேரா போய் நின்னேன். அக்காவும் அவ கூட்டாளிங்களும் இடுப்பளவு தண்ணியில. நேத்து பொழப்பு பத்திக் கேட்டவரு, இவங்க எப்பவும் வருவாங்களானு என்னக் கேட்டாரு.

"தெனம் வருவாங்க சார். படத்துல வேணாம்னு சொன்னது இவருதான்."

முரளி சார் என்னப் பாக்கவே இல்ல. கெளம்பிட்டாங்க.

சாயந்தரம் ஸ்டுடியோ ஓனர் அண்ணன் போன். பார்ட்டி கம்ப்ளெய்ண்ட் பண்ணிட்டாராம். கேமராவயும் லென்ஸயும் நாளைக்குக் குடுத்துட்டு, இனிமே வர வேணாம்னாரு. நான் எடுத்த வெறும் செடிப் படம் இப்ப எவன் மேசை மேல கெடக்குதோ.

நாளைக்கு நான் பொன்னேரி போறதுக்கு முன்ன, விடியக்காலைல எல்லாரும் எறால் தடவ வர்றாங்க. பஞ்சாயத்துல காட்ட நான் அவங்களப் படம் எடுக்கணும். அக்கா வந்து நின்னா. மொகம் தெரியுற மாதிரி எடுப்பியானு கேட்டா.

எடுக்குறேன்னேன். பேட்டரி சார்ஜ்ல.