எட்டு மணி மாத்திரைக்கு ‘ஆச்சு’ சொன்னவன்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், எங்கள் இருவருக்கும் அதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை. நாங்கள் நலம் என்று எழுதிப் பழகிய கை இந்த முறை அந்த வரியை எழுத மாட்டேன் என்கிறது. அம்மா பக்கவாதம் வந்து விழுந்து மூன்று வாரம் ஆகிறது, வலது கையும் காலும் அப்படியேதான் கிடக்கின்றன. பிசியோதெரபி பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நீட்டி மடக்கிவிட்டுப் போகிறாள், போகும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. சித்தி பத்து நாள் கூட இருந்தாள், அவளுக்கும் குடும்பம் இருக்கிறதே, கிளம்பிவிட்டாள். போனில் சொல்லாமல் அப்பா ஏன் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பாய். பேசினால் உன் குரல் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவேன், போனில் எழுதி அனுப்பினால் உன் ஏஐ அதை மூன்று வரியாகச் சுருக்கி உன்னிடம் நீட்டிவிடும். இதை யாரும் சுருக்க வேண்டாம், முழுதாகப் படி.

போன வாரம் நீ அழுதாயே, “அட்டையில மாத்திரை அப்படியே இருக்கு, உங்க போன்ல நான் போட்டுக் குடுத்த ஏஐ மட்டும் தினமும் முடிஞ்சதுன்னு காட்டியிருக்கு, நான் எழுதின பக்கத்துலதான்பா தப்பு, ஆபீஸ்ல ஒத்துக்கிட்டு வேலைய விட்டுடப் போறேன்” என்று. நான் அழாதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போன லீவில் வந்திருந்தபோது உன் வேலையை எனக்கு விளக்கினாய், நினைவூட்டலைப் போடவும் மாற்றவும் முடிக்கவும் சின்னச் சின்னக் கருவிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்து வேலை செய்வது மனிதன் இல்லை ஏஐ, எதை எப்போது தொடலாம் எப்போது தொடக்கூடாது என்று அதற்குப் புரிகிற மாதிரி எழுதி வைப்பது நீ, எழுதாமல் விட்டதை அது தானாக ஊகித்துக்கொள்ளும் என்றாய். மனுஷன் படிக்காத புத்தகத்துக்கு இவ்வளவு பாடா என்று நான் கேலி செய்தேன். அம்மாவோ எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போய், “எம் பொண்ணு மெஷினுக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று நீ படித்துக் காட்டிய வரி எனக்கு இன்னும் மனப்பாடம். வீட்டில் இருப்பவர் தன் வாயால் சொன்னால் ஒழிய முடிந்தது என்று குறிக்காதே, நீயாக ஊகிக்காதே. அந்த வரியில் தப்பே இல்லை கண்ணு. அது நீ எழுதியபடிதான் செய்தது. வாயால் சொன்னவன் நான்.

முப்பத்தொரு வருஷம் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவன் நான். மணிக்கு ஒருதரம் உள்ளே போய் வெப்பமானி முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, கதவில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். யார் போனார்கள், வேலைக்கு வந்ததும் எட்டு மணி நேரத்துக்கும் எட்டு எண்களையும் ஒரேயடியாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். சரக்கு ஒருநாளும் கெட்டதில்லை, அதனால் எழுதிவிட்டால் நடந்த மாதிரிதான் என்று உடம்பில் ஊறிவிட்டது. தொட்டில் பழக்கம் மட்டும் இல்லை, கிடங்குப் பழக்கமும் சுடுகாடு மட்டும் வரும்போல. காலை எட்டு மணிக்குப் போன், “அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை குடுத்தாச்சா” என்று கேட்கும், என் கையில் பேப்பர் இருக்கும், அது கேட்டு முடிப்பதற்குள் “ஆச்சு” என்பேன். பேப்பரை முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைப்பேன், சில நாள் கொடுத்தேன், பல நாள் மறந்தேன். அவளும் கேட்கமாட்டாள், போட்டால் தலை சுற்றுகிறது என்று அந்த மாத்திரைமேல் அவளுக்குக் கோபம். முதலில் அது, “தண்ணியோட முழுங்கினாங்களா” என்று இன்னொரு கேள்வியும் கேட்டது உனக்கு நினைவிருக்கும். பெற்ற அப்பனை நம்பாமல் போலீஸ் வைத்திருக்கிறாயா என்று நான்தான் சண்டை போட்டேன், நீயும் அதை எடுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் எண்ணிப் பார்த்தபோது ஒரு மாதத்து அட்டைகளில் பத்தொன்பது மாத்திரை பாக்கி இருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன், கேட்கவில்லை. உன்னிடம் மெஷின் தப்பு என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பெற்ற பெண் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுத முடியாமல்தான் நேற்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அம்மாவுக்குப் பேச்சே இல்லை என்று உன்னிடம் சொன்னேன், அது முழு உண்மை இல்லை. ஒரே ஒரு சொல் வருகிறது. தாகம் என்றாலும் அதுதான், திரும்பிப் படுக்க வேண்டும் என்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். ஆச்சு. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், ஏன் அந்தச் சொல் என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எனக்குத் தெரியும். தினமும் காலையில் அடுப்படியில் நின்று என் வாயிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த சொல் அது. இப்போது மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் ஊட்ட அரைமணி ஆகிறது, பாதி கடைவாயில் வழிந்துவிடுகிறது. நடுவில் போன் கேட்கிறது, நான் வாயைத் திறப்பதில்லை, கட்டிலில் இருந்து அவள் சொல்லிவிடுகிறாள். அது நன்றி சொல்லி முடித்துவிடுகிறது. உன் திரையில் பச்சை விழுவது அப்படித்தான், அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதே.

வேலையை விடாதே. பொய் சொன்னது என் அப்பா என்று உன் மேலாளரிடம் நேராகச் சொல். அந்த இரண்டாவது கேள்வியைத் திரும்பப் போடு, அதுவும் போதுமா என்று தெரியவில்லை, இந்த வீட்டில் யார் ஆச்சு என்றாலும் நம்பாதே என்றுதான் நீ எழுதவேண்டி வரும். மன்னிப்பு கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கோபம் ஆறியதும் ஒருமுறை கூப்பிடு, அம்மா காதில் போனை வைக்கிறேன். நல்லா இருக்கியாம்மா என்று நீ கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும், அழாமல் கேட்டுக்கொள்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
அப்பா