வந்த வரிசையில் பெயர்

ஜன. 8, வியாழன்
பனி. பஸ் ஒரு மணி நேரம் தாமதம். கரோல் பாக் வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் திறப்பதற்குள் விரல் மரத்துவிட்டது.

வேலை: விற்பதற்கு முன் அழிக்க வேண்டிய பழைய ஹார்ட் டிஸ்க் ஆறு. படம் மீட்க ஒன்று. அது ஓய்வுபெற்ற ஆர்மி அங்கிளுடையது. இறந்துபோன மனைவியின் படங்கள், வேறு பிரதி இல்லை.

ரேவதி அக்கா சேர்ந்து ஒரு வாரம். நான் சேர்ந்து ஒன்றரை வருடம். அவள் டிப்ளமா. நான் ஒன்பதாவதோடு நின்றவள். பெரிய மேசை அவளுக்கு. திரையில் காட்டியபடி டிஸ்குகளில் ஏ, பி, சி என்று கலர் ஸ்டிக்கர் ஒட்டினாள். முதலாளி பையா மூன்று தடவை அச்சா சொன்னார். நான் சீரியல் நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தை நோட்டில் குறித்தால் மட்டும் ஜல்தி, ஜல்தி என்று விரட்டுகிறார்.

ஜன. 9
அவளுக்குப் புது ஸ்வெட்டர். மஞ்சள்.

ஸ்டிக்கர் தவறு. இங்கே மட்டும் எழுதுகிறேன். டிஸ்குக்கு ஏ, பி என்று பெயர் வைப்பது கெர்னல், கணினியை இயக்கும் மைய மென்பொருள். எது முதலில் பதில் சொல்கிறதோ அது ஏ. அணைத்துப் போட்டால் வரிசை மாறலாம், பெயரும் மாறும். இப்படியா பெயர் வைப்பது? டிஸ்கின் உள்ளேயே சீரியல் நம்பர் இருக்கிறது. அதையே முதல் பெயராகக் காட்டலாம். டிஸ்கைப் போட்டுச் செருகும் மலிவான பெட்டிகள் சில, எல்லா டிஸ்குக்கும் ஒரே நம்பரைச் சொல்லும். அப்போது எந்தத் துவாரத்தில் செருகியது என்பதையும் சேர்க்க வேண்டும்.

கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

ஜன. 10
கரண்ட் போய் வந்தது. திரையைப் பார்த்தேன். சி-யாக இருந்த அங்கிள் டிஸ்க் இப்போது பி. பி-யாக இருந்த, அழிக்க வேண்டியது இப்போது சி. இரண்டும் ஒரே அளவு. ஸ்டிக்கர் பழையபடி.

அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழியட்டும், பையா பார்க்கட்டும். அங்கிள் ஞாபகம் வரவில்லை. பொய். வந்தது.

பி-யை அழிக்கும் கட்டளையை அடித்தாள். விரல் எண்டர் மேல்.

"அக்கா, நம்பர் பாருங்க."

"பி தானேடி? ஒட்டியிருக்கே."

"இப்ப பி அங்கிளோடது."

எண்டரிலிருந்து விரலை எடுத்துச் சரிபார்த்தாள்.

"நல்லவேளை. இப்பதான் கவனிச்சியா?"

தலையாட்டினேன்.

அவள் மறைத்திருக்கலாம். நேராகப் பையாவிடம் போய், தப்பு தன்னுடையது, செல்விதான் காப்பாற்றினாள் என்றாள். நல்லவளாகவும் இருக்க வேண்டுமா இவள்?

இனி சீரியல் நம்பர் பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்றார் பையா. அதைப் போர்டில் எழுதச் சொன்னார், அவளை. கையெழுத்து அழகாம்.