போனவர்களின் பேர்

அன்பு மகள் ரோசலினுக்கு அம்மா எழுதுவது, இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் செல்லமும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு எந்நேரமும் அந்த நினைப்புதான். இங்கே கீத்லியில் ஒரே மழை, தோட்டத்தில் உருளைக்கிழங்கு பாதி அழுகிவிட்டது. ஆனால் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது கிழங்குக்காக இல்லை. குழந்தைக்கு மாப்பிள்ளையின் குடும்பப் பேரான லீ என்பதைத்தான் வைக்கப்போகிறோம் என்று நீ போனில் சொன்னாயே, அன்றைக்கு ஆரம்பித்தது. "ஹெபிள்த்வெயிட்ங்கற நம்ம குடும்பப் பேரு என்னோட முடிஞ்சுது பெரில், அந்தப் பேர் இல்லாத புள்ளயப் பாக்க நான் எதுக்குக் கடல் தாண்டிப் போகணும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். நான் பிறந்த வீட்டுப் பேரைச் சர்ச் வாசலிலேயே விட்டுவிட்டு உங்களோடு வந்தேனே, யாராவது ஒப்பாரி வைத்தார்களா என்று கேட்டேன். ஆனாலும் உன் பிரசவத்துக்கு அவரை இங்கே தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை, அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

சரி, அந்தப் பேர் பிறந்த இடத்தையே பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தேன். பலகைப் பாலத்துப் பக்கம் காடு வெட்டித் திருத்திய நிலம், அதுதான் நம் பேருக்கு அர்த்தம் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாரே தவிர, செட்பர் பக்கம் அதே பேரில் இருக்கும் அந்த இடத்துக்கு மனுஷர் ஒரு நாளும் போனதில்லை. அங்கே சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்ற நினைப்பில் டை வேறு கட்டிக்கொண்டு வந்தார். போனால் ஒரு ஓடை, ஒரு பண்ணை வீடு, நிறைய ஆடு. தீவனம் போட்டுக்கொண்டிருந்த பண்ணைக்காரியிடம் ஹெபிள்த்வெயிட் குடும்பம் எங்கே என்று அப்பா கேட்டதும் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ஏங்க, இங்கயே இருக்கறவன இந்த இடத்துப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா யாருன்னு தெரியும்? எல்லாருமே இங்கதான! கெளம்பி வேற ஊருக்குப் போனான் பாருங்க, அவனுக்கு அந்த ஊர்க்காரன் வச்ச பேருங்க இது. போனவங்க பேரு" என்றாள். அப்பா டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஸ்கிப்டன் ஊரைத் தாண்டினோம். அப்புறம், "அப்போ மொதல்ல போனானே, அவனோட அப்பனும் வாசல்ல நின்னு மொறச்சிருப்பான், இல்ல?" என்றார். இருப்பான் என்றேன். "நம்ம பொண்ணு அந்தப் பேருக்கு ஏத்த மாதிரிதான் நடந்திருக்கா" என்றார், கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், காரை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

இப்போது தலைகீழ். பக்கத்துத் தோட்டத்துச் சிநேகிதர்கள் கிழங்கைப் பற்றிக் கேட்டாலும் நீ இருக்கும் டுனீடினில் மண் எப்படி, காற்று எப்படி என்றே பேசுகிறாராம், "வாய்யா டுனீடின்" என்றுதான் அவர்கள் கூப்பிடுகிறார்கள். கோபப்படுகிற மாதிரி நடிக்கிறார். நேற்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார், அசல் ஆட்டுத் திருடன் மாதிரி விழுந்திருக்கிறது. குழந்தையின் ஸ்வெட்டரில் லீ என்று பேரைப் பின்னச் சொன்னதும் அவர்தான், நம் பேராக இருந்தால் நூல் பத்தாதாம்.

கனமாக எதையும் தூக்காதே, மாத்திரையை மறக்காதே. தாயும் பிள்ளையுமாக நல்லபடி பிழைத்து எழுந்திருக்க வேண்டும், கடவுள் கூட இருப்பார். எங்களுக்குக் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டு வைக்க மாப்பிள்ளையிடம் சொல், நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்.

உன் அம்மா பெரில்,
கூடவே டுனீடின்காரர்.