படம் எடுக்காத டக்கோட்டா

அன்புள்ள பிலோமினா,

மாதா புண்ணியத்துல இங்கிலாந்துல நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? நம்ம ஹந்தானை மலையில மழை விட்டிருச்சா? போன்ல சொன்னா சிரிப்ப, அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை, பழைய விமானங்கள் பறக்குற காட்சிக்குக் கேமராவோட போனேன். யுத்த காலத்து டக்கோட்டா ஒண்ணு தலைக்கு மேல தாழ்வா வந்துச்சு. கல்யாணமான புதுசுல ரத்மலானை விமான மியூசியத்துல பார்த்தோமே, அதே மாதிரி. "இதுல ஏறி என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க"ன்னு அதோட றெக்கையைத் தட்டிச் சொன்னியே. அந்த நெனப்புல கேமராவைப் பிடிச்சபடியே நின்னுட்டேன். ஒரு படம்கூட எடுக்கல. பக்கத்துல நின்ன வெள்ளைக்காரர், "கேமரா பழுதா?"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்.

வேலை முடிஞ்சு வந்தா, கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற பிளைட் சிமுலேட்டர் கேம்தான். டக்கோட்டாவைக் கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல கிளப்பி நம்ம ஊருக்கு ஓட்டிட்டு வர்றேன். மகாவலி ஆறு தெரியுது, ஹந்தானை தெரியுது. நம்ம வீட்டைத்தான் காணோம், எங்க பார்த்தாலும் மரம். சுத்திச் சுத்திப் பார்த்துட்டுத் திரும்பிர்றேன்.

மீன் கொழம்புல புளிப்புக்குப் போட கொஞ்சம் கொறக்கா அனுப்பு. வாசல்ல நின்னு எதிர் மலையையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. அந்த அடையாளம் இருந்தா நேரா வீட்டுக்கு மேலயே வந்து வட்டம் போடுவேன்.

டியூட்டிக்கு பஸ் வந்துருச்சு.

உன் ரொட்னி