டேங்கடி இசக்கித்தாய்

விக்கிரமசிங்கபுரம்
11-8-2025

அன்புத் தம்பி ஜெய்சனுக்கு,

அக்கா ஜெபராணி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் தபால்.

என் ரத்தப் பரிசோதனை லேப் கம்ப்யூட்டரில் தினமும் ஒரு அறிவிப்பு வந்து நிற்கிறது. விண்டோஸ் பத்துக்கு அக்டோபர் பதினான்கோடு ஆதரவு முடிகிறதாம். மூடினால் மறுநாள் திரும்ப வருகிறது. ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் விவரம் பதினெட்டு வருஷமாக அதில்தான் இருக்கிறது. பெயர், வயது, வீட்டுக்காரர் பெயர், தெரு, அடையாளம் என்று ஒவ்வொன்றும் நான் தட்டியது. அது போனால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நீ கம்ப்யூட்டர் படித்து என்ன பிரயோஜனம்? சொந்த அக்காவுக்கு உதவவில்லை.

ஜெபத்துடன்,
அக்கா

பெங்களூரு
18-8-2025

பிரியமான அக்கா,

அறிவிப்பை மூடி மூடி விளையாடாதே. அந்தத் தேதிக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. எவன் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் முடக்கிப் போடலாம். உன் பழைய கம்ப்யூட்டர் புதிய விண்டோஸைத் தாங்காது. புதிதாக ஒன்று வாங்கி வை. ஆயுத பூஜை லீவுக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன். இனி ரிப்போர்ட் தானாகவே அவரவர் போனுக்குப் போய்விடும். நீ ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் தொண்டை வற்ற வேண்டாம்.

கூலியாக நெய்மீன் குழம்பு.

உன் தம்பி,
ஜெய்சன்

பெங்களூரு
6-10-2025

பிரியமான அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குழம்பு வாசனை இன்னும் கையில் இருக்கிறது.

சொல்ல மறந்த இரண்டு விஷயம். 'அடையாளம்' என்று நீ வைத்திருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன். அதை மட்டும் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருக்கிறாய். புதியதில் வெறும் கிறுக்கலாக வருகிறது. போனதும் நல்லதுதான். 'மாட்டுக்காரி', 'டேங்கடி', 'கோணவாயன்' என்றெல்லாமா ஒரு லேபில் எழுதுவார்கள்? வெளியே தெரிந்தால் மானக்கேடு.

அப்புறம், நாற்பத்தொரு பேரை நீ இரண்டு முறை ஏற்றியிருந்தாய். பெயர், வயது, வீட்டுக்காரர் பெயர், தெரு எல்லாம் அச்சு அசலாக ஒன்று. சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். இரண்டு போன் நம்பர் இருந்த இடத்தில் கடைசியாக ஏற்றியதை வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜெய்சன்

விக்கிரமசிங்கபுரம்
27-10-2025

அன்புத் தம்பிக்கு,

நாற்பத்தொரு பேரா! எனக்கு வயதாகிறதடா. மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை டேங்கடி இசக்கித்தாய் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீர் டேங்குக்குக் கீழே வீடு. இதயத்தில் வால்வு மாற்றியவள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரையின் வேகம் ரொம்பக் கூடிப்போனதாக ரிப்போர்ட் வந்தது. முன்பென்றால் உடனே போன் போட்டு, "ஏட்டி, மாத்திரைய நிப்பாட்டு, டாக்டரப் போய்ப் பாரு" என்று கத்தியிருப்பேன். இப்போது அது தானாகவே வாட்ஸ்அப்பில் போய், படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து ஞாயிறு ஆராதனைக்கு நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். நீ நன்றாக இருப்பாய்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா

விக்கிரமசிங்கபுரம்
8-11-2025

ஜெய்சன்,

டேங்கடி இசக்கித்தாய் செத்துப்போனாள். மூளையில் ரத்தக்கசிவு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அந்த ரிப்போர்ட் அவளுக்குப் போகவே இல்லை. அதே தெருவில் மாடு வைத்திருக்கும் இசக்கித்தாய்க்குப் போயிருக்கிறது. அவளுக்கும் ஐம்பத்திரண்டு வயது. அவள் வீட்டுக்காரரும் சுடலைமணி. "நான் அந்த வாரம் ரத்தமே குடுக்கலியேக்கா, ஏதோ தப்பா வந்திருக்குன்னு விட்டுட்டேன்" என்று அழுகிறாள்.

நான் யாரையும் இரண்டு முறை ஏற்றவில்லை. அவர்கள் இரண்டு பேர். குலசாமி பேரை வீட்டுக்கு வீடு வைக்கிற ஊரில் அந்த ஒரு கட்டம் எதற்கு என்று உனக்குத் தெரியாதா? நம் தெருவிலேயே மூன்று ஜெய்சன். உன்னைக் கரண்டு ஜெய்சன் என்றால்தானே தெரியும்? நீ மறந்தாய். தினமும் அவர்களைப் பார்க்கிற நானும் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஜெபராணி

பெங்களூரு
13-11-2025

அக்கா,

எனக்கும் தூக்கமில்லை. ஆனால் கொஞ்சம் யோசி. அந்த அம்மாவே நம்பரைத் தப்பாகக் கொடுத்ததாகச் சொல்லிவிடு. யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. பழைய கம்ப்யூட்டரை உடைத்து எடைக்குப் போட்டுவிடு. அதில்தான் இரண்டு பேரும் தனித்தனியாக இருக்கிறார்கள். என் பெயர் எங்கும் வரவேண்டாம். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஜெய்சன்

விக்கிரமசிங்கபுரம்
19-11-2025

ஜெய்சன்,

நேற்று டேங்கடி வீட்டுக்குப் போனேன். தப்பு என் லேபில் நடந்தது என்று சுடலைமணியிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவ போனையே பாத்துக்கிட்டு இருந்தாக்கா. 'ஏதும்னா அக்கா போன் போடுவாவ'ன்னு சொல்லிச் சொல்லித்தான் மாத்திரைய முழுங்குனா. நீங்க கூப்பிடலன்னதும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சோம்" என்றார்.

என்னை நம்பித்தான் அவள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறாள்.

லேபைப் பூட்டிவிட்டேன். பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் கொடுப்பேன். உன் பெயரை நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு கடிதம் எழுது. நான் கேட்பது அது ஒன்றுதான். விலாசம்: சுடலைமணி, டேங்கடி வீடு, மேலத்தெரு. 'டேங்கடி' என்பதை விட்டுவிடாதே. விட்டால் மாட்டுக்கார சுடலைமணி வீட்டுக்குப் போய்விடும்.

அக்கா

விக்கிரமசிங்கபுரம்
20-12-2025

ஜெய்சன்,

ஒரு மாதமாயிற்று. சுடலைமணியிடம் கேட்டேன், கடிதம் எதுவும் வரவில்லை என்றார். ஒருவேளை நீ அவசரத்தில் 'டேங்கடி' என்று எழுத மறந்திருப்பாய் என்று நினைத்தேன். நீ மறந்திருக்க வேண்டும் என்று ஜெபம்கூடச் செய்தேன். இன்று காலையில் மாட்டுக்கார சுடலைமணி வீட்டிலும் போய் விசாரித்தேன்.

அங்கேயும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வராதே.

ஜெபராணி